செலவழிந்த பிறகு வரும் கணக்கு

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை டீக்கடை வரைக்கும் பேசப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்றது அது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம், மின்வாரியம் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் 2.36 ரூபாய் நஷ்டம் என்றும் கணக்குக் காட்டியது. 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை விடாமல் தொடர்வதையும், மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் சொந்த வரி வருவாய் தேய்ந்துகொண்டே வந்ததையும் ஆண்டுவாரியாக அடுக்கியது. அதற்கு முன் தமிழ்நாட்டில் இப்படியொரு அறிக்கை வந்தது 2001-ல், பொன்னையன் நிதியமைச்சராக இருந்தபோது. நடுவில் இருபது ஆண்டுகள்.

இரண்டு அறிக்கைகளும் ஆட்சி மாறிய சில மாதங்களில் வந்தவை. முந்தைய ஆட்சியின் நிதி நிர்வாகத்தை மக்கள் முன் வைப்பதே இரண்டின் நோக்கமும். அதில் தவறில்லை. ஆனால் 2021 அறிக்கையில் இருந்த எண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிதிநிலை அறிக்கைகளிலும் தணிக்கை அறிக்கைகளிலும் அச்சாகியிருந்தவைதான். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, சாதாரண வாசகருக்குப் புரியும் மொழியில் சொல்வது அத்தனை ஆண்டுகளும் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் அந்த அறிக்கை வந்திருக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு.

அரசின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றை அரசுக்கு வெளியே நின்று கணக்கிட்டுச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமா, இருந்தால் அது எப்படி இயங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விவாதிக்கப்பட்டு, பல நாடுகள் ஏதோவொரு விதத்தில் விடை கண்ட கேள்வி. சுமார் 50 நாடுகளில் இன்று சுதந்திரமான நிதி கவுன்சிலோ நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமோ இருக்கிறது. இந்தியாவில் இல்லை.

இந்தியாவில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜி இருக்கிறாரே என்று உடனே கேட்பார்கள். இருக்கிறார். அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் அவருக்காகவே எழுதப்பட்டவை. அம்பேத்கர் இந்தப் பதவியை அரசியல் சட்டத்தின் மிக முக்கியமான பதவியாகக் கருதியவர். சிஏஜி அலுவலகம் செய்திருக்கும் வேலையைக் குறைத்துப் பேச முடியாது. ஓர் உதாரணம்: 2018-19-ல் ஒன்றிய அரசு 35 வகையான செஸ்களின் வழியாகத் திரட்டியது சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாய். எந்தக் காரணத்துக்காக செஸ் வசூலிக்கப்பட்டதோ அதற்குரிய நிதியங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 1.64 லட்சம் கோடிதான். மாநிலங்களுக்கு இழப்பீடு தருவதற்காகவே வசூலித்த ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸில், முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் 47,272 கோடி ரூபாய் ஒன்றிய அரசின் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது சிஏஜி. மாநிலங்களோடு பகிரும் வரித் தொகுப்பில் செஸ் சேராது என்பதால், தமிழ்நாட்டுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் இது.

ஆனால் தணிக்கை என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. பணம் செலவாகி, ஆண்டு முடிந்து, கணக்கு மூடிய பிறகே தணிக்கையாளர் உள்ளே வருகிறார். அறிக்கை எழுதி முடிக்க இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ. எழுதிய பிறகும் அது அவையில் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று 151-ஆவது பிரிவு சொல்லவில்லை. டெல்லியில் 14 சிஏஜி அறிக்கைகள் அவைக்கு வராமலே கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மதுக் கொள்கையால் சுமார் 2,000 கோடி ரூபாய் இழப்பு என்று சொன்ன அறிக்கையும் அவற்றில் ஒன்று. அங்கேயும் ஆட்சி மாறிய பின்புதான் கணக்கு திறந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கையை வைப்பது வழக்கம். வைத்த மறுநாள் விவாதிக்க அவை இருக்காது.

பட்ஜெட் ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு செலவினத்துக்கும் நான்கு பத்திகள் இருக்கும். முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. இந்த நான்கையும் குறுக்கே வாசித்தால் போதும், பல உண்மைகள் தெரியவரும். ஒன்றிய அரசின் உணவு மானியத்தை எடுத்துக்கொள்வோம். 2019-20-க்கான பட்ஜெட் மதிப்பீடு சுமார் 1.84 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு 1.09 லட்சம் கோடிக்கு இறங்கியது. ரேஷன் அரிசியும் கோதுமையும் குறையவில்லை. அந்த 75 ஆயிரம் கோடி எங்கே போனது? இந்திய உணவுக் கழகம் அந்தச் சுமையைக் கடன் வாங்கிச் சமாளித்தது. தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து, அதாவது அஞ்சலகத்தில் மக்கள் போட்ட சேமிப்பிலிருந்து வாங்கிய கடன் அது. கழகத்தின் பெயரில் கடன் இருந்ததால் அரசின் நிதிப் பற்றாக்குறைக் கணக்கில் அது ஏறவில்லை.

இது பல ஆண்டுகளாக நடந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்தப் பழக்கத்தை நிறுத்தி, பாக்கியை ஒரேயடியாகக் கணக்கில் கொண்டுவந்தார். 2020-21 உணவு மானியம் 1.15 லட்சம் கோடியிலிருந்து 4.22 லட்சம் கோடிக்குத் தாவியது. கொரோனா காலச் செலவோடு சேர்ந்து, நிதிப் பற்றாக்குறை 9.5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அது நல்ல முடிவு, பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் அந்த முடிவு வரும்வரை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட பற்றாக்குறை விகிதம் முழு விகிதம் இல்லை. 2017-18-ல் அரசு சொன்ன பற்றாக்குறை 3.46 சதவீதம். பட்ஜெட்டுக்கு வெளியே நின்ற கடன்களையும் சேர்த்தால் அது 5.85 சதவீதம் என்று சிஏஜி 15-ஆவது நிதிக்குழுவிடம் கணக்குக் காட்டியதாகப் பின்னர் செய்திகள் வந்தன.

2019 ஜூலை பட்ஜெட்டில் இன்னொன்று நடந்தது. முந்தைய ஆண்டின் வருவாயாக பட்ஜெட் சுமார் 17.3 லட்சம் கோடியைக் காட்டியது. அதற்கு முதல் நாள் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை 15.6 லட்சம் கோடி என்றது. ஒரே அரசு, ஒரே அமைச்சகம், 24 மணி நேரத்தில் இரண்டு ஆவணங்கள், நடுவில் 1.7 லட்சம் கோடி வித்தியாசம். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்த ரதின் ராய் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார். இடைக்கால பட்ஜெட்டின் பழைய திருத்திய மதிப்பீட்டையே தொடர்ந்து பயன்படுத்தியதால் வந்த வித்தியாசம் அது. ஒரு பொருளியலாளர் பொறுமையாக இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டதால் நாட்டுக்குத் தெரிந்தது. தனிமனிதரின் விழிப்பை நம்பி ஒரு நாட்டின் நிதிக் கண்காணிப்பு இருக்கக் கூடாது.

நாடாளுமன்றம்தானே இதையெல்லாம் கேட்க வேண்டும்? 2023 மார்ச் 23 அன்று மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகளை ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேற்றியது. கில்லட்டின் என்பது அதற்குப் பெயர். 2018-லும் அப்படித்தான் நடந்தது. விவாதம் நடக்கும் ஆண்டுகளிலும் உறுப்பினர் கையில் இருப்பது அமைச்சகம் கொடுத்த காகிதம் மட்டும். அதைச் சரிபார்க்க அவருக்குச் சொந்தமாக ஓர் அலுவலகம் கிடையாது. 2005 முதல் இயங்கும் பிஆர்எஸ் போன்ற தன்னார்வ அமைப்புகளின் சுருக்கக் குறிப்புகள் பல உறுப்பினர்களுக்குக் கைகொடுக்கின்றன. அது போதாது.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து செயல்பட்ட நாடுகளில் நெதர்லாந்துக்குத் தனி இடம் உண்டு. 1945-ல், போர் முடிந்த கையோடு, யான் டின்பெர்கனைத் தலைவராக வைத்து அங்கே சிபிபி என்ற பொருளாதாரக் கணிப்பு அலுவலகம் தொடங்கியது. பொருளியலுக்கான நோபல் பரிசு 1969-ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் டின்பெர்கன். 1986 முதல் இந்த அலுவலகம் ஒரு துணிச்சலான வேலையைச் செய்கிறது. தேர்தலுக்கு முன் கட்சிகள் தங்கள் தேர்தல் அறிக்கையை அதனிடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எவ்வளவு செலவாகும், வேலைவாய்ப்பு என்னவாகும், பற்றாக்குறை எவ்வளவு ஏறும் என்று அது கணக்கிட்டு எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுகிறது. கட்சிகள் கணிப்பு மாதிரியைத் திருப்திப்படுத்தும் விதத்தில் வாக்குறுதிகளை வடிவமைக்கத் தொடங்கிவிட்டன என்ற விமர்சனம் அங்கே உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தும் பல பெரிய கட்சிகள் கணக்கைச் சொல்லிவிட்டே வாக்குக் கேட்கின்றன.

அமெரிக்காவில் நிக்சனுக்கும் காங்கிரஸுக்கும் நடந்த மோதலில்தான் பட்ஜெட் அலுவலகம் பிறந்தது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அவர் செலவு செய்ய மறுத்தார். 1974-ல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு ஆலிஸ் ரிவ்லின் முதல் இயக்குநரானார். தன் கட்சிக்கே பிடிக்காத எண்ணைச் சொல்லும் தைரியத்தை அந்த அலுவலகத்தின் வழக்கமாக்கியவர் அவர்.

பிரிட்டனில் இந்தக் கண்காணிப்பு இரண்டு அடுக்குகளாக வளர்ந்தது. 1965-ல் நிறுவன வரியையும் மூலதன ஆதாய வரியையும் அவசரமாகக் கொண்டுவந்த விதம் பிடிக்காத சில நிதித்துறைத் தொழில்முறையாளர்கள் சேர்ந்து 1969-ல் ஐஎஃப்எஸ் என்ற நிதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது அரசு அமைப்பு அல்ல. 1978-ல் ஜேம்ஸ் மீட் தலைமையிலும் 2011-ல் ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையிலும் முழு வரி அமைப்பையும் அது மறு ஆய்வு செய்தது. பட்ஜெட்டுக்கு மறுநாள் ஐஎஃப்எஸ் என்ன சொல்கிறது என்பது அங்கே அமைச்சரின் உரைக்குச் சமமான செய்தி. 2010-ல் அரசே ஓபிஆர் என்ற பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தை உருவாக்கியது. வளர்ச்சிக் கணிப்பும் வருவாய்க் கணிப்பும் நிதியமைச்சரின் கையிலிருந்து அதனிடம் போயின. சில மாதங்களில் அதன் தலைமைக்கு வந்த ராபர்ட் சோட் அதுவரை ஐஎஃப்எஸ் இயக்குநர்.

அப்படி ஒரு அலுவலகம் இருந்தும் அதை ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் 23 காட்டியது. நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். வழக்கமாகக் கூடவே வரும் ஓபிஆர் கணிப்பு வரவில்லை. தயாரித்துத் தருகிறோம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. அமைச்சர் வேண்டாம் என்றார். 1972-க்குப் பிறகு இவ்வளவு பெரிய வரிக் குறைப்பு இல்லை என்றது ஐஎஃப்எஸ். மூன்றே நாளில் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. ஐந்தாம் நாள், ஓய்வூதிய நிதியங்கள் மூழ்காமல் காக்க, 6,500 கோடி பவுண்டு வரை அரசுப் பத்திரங்களை வாங்கத் தயார் என்று இங்கிலாந்து வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 14-ல் அமைச்சர் போனார். பிரதமர் லிஸ் டிரஸ் பதவியேற்று ஏழு வாரம்கூட ஆகாத நிலையில் விலகலை அறிவித்தார். வரிக் குறைப்பின் அளவு மட்டுமே சந்தையைப் பயமுறுத்தியது என்று நான் நினைக்கவில்லை. அரசு கணக்கைக் காட்ட மறுத்ததும் சேர்ந்தே பயமுறுத்தியது. 2024-ல் வந்த புதிய அரசு, பெரிய வரி அல்லது செலவு அறிவிப்பு எதுவும் ஓபிஆர் மதிப்பீடு இல்லாமல் போகக் கூடாது என்று சட்டமே இயற்றியது.

பிரிட்டன் சில வாரங்களில் மீண்டது. இலங்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பெரிய வரிக் குறைப்பை வாக்குறுதியாக அளித்தார். நாடு வங்குரோத்தாகிவிடும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்தார். தேர்தல் காலத்தில் எதிரணி சொல்லும் எச்சரிக்கையை யார் நம்புவார்கள்? கட்சி சாராத ஓர் அலுவலகம் அதே கணக்கைச் சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருக்கக்கூடும். அப்படி ஒரு அலுவலகம் இல்லை. டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15-லிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வருடாந்திர விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி ரத்தானது. சில மாதங்களில் கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது. நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த அரசின் வருவாய் 2021-ல் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கியது. தர நிர்ணய நிறுவனங்கள் மதிப்பைக் குறைத்தன, வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள், மருந்தில்லாத ஆஸ்பத்திரிகள், கடல் கடந்து தனுஷ்கோடியில் வந்து இறங்கிய குடும்பங்கள் எல்லாம் அந்தக் கணக்கின் பின்விளைவுகள்.

2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உயர் அதிகாரிகளும் பொது நம்பிக்கையை மீறி நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்துக்கு வரவுசெலவு அலுவலகம் அமைக்கும் சட்டமும் அதே ஆண்டு நிறைவேறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசர்ச் என்ற சிந்தனைக் கூடம் பட்ஜெட் வாக்குறுதிகளைத் தொடர்ந்து கண்காணித்து வருவதை இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பொது நிதித் தகவலைத் தர அது எடுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் எந்த நிறுவனமும் இதுவரை எடுக்காத ஒன்று.

சுதந்திரமாகக் கணக்குச் சொல்பவருக்கு ஆபத்தும் உண்டு. கிரீஸின் 2009-ஆம் ஆண்டு உண்மையான பற்றாக்குறை 15.4 சதவீதம் என்று கணக்கிட்ட ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ, புள்ளிவிவர அமைப்பின் தலைவர், சொந்த நாட்டிலேயே ஆண்டுக்கணக்கில் வழக்குகளைச் சந்தித்தார். ஐரோப்பியப் புள்ளிவிவர அமைப்பு அவர் கணக்கை ஏற்றுக்கொண்ட பிறகும் 2017-ல் அவருக்குக் கடமை தவறியதாகத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹங்கேரியில் 2009-ல் தொடங்கிய நிதி கவுன்சில் அரசின் திட்டங்களை விமர்சித்தது. 2010 முடிவதற்குள் அதன் அலுவலகத்துக்கு நிதி நிறுத்தப்பட்டது. தலைவரை யார் நியமிப்பது, சம்பளப் பணம் எங்கிருந்து வருவது என்பவை சட்டத்தில் எழுதப்படாவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும்.

நிதிக் கண்காணிப்பு என்றால் சிக்கனம் மட்டுமே என்று எண்ணுவோருக்குத் தமிழ்நாட்டின் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது கட்டுப்படியாகாது என்ற குரல்கள் எழுந்தன. அன்றைய வருவாயை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படிச் சொன்னவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் பள்ளிக்கு வந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிற்கால வருமானம், பெண்கள் படித்ததால் குறைந்த குழந்தை இறப்பு ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. செலவை மட்டும் கூட்டி, பயனைக் கூட்டாத கணக்கு அரைக் கணக்கு. வரும் எந்த அமைப்பும் இரண்டையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் நலத்திட்டங்கள் எல்லாவற்றையும் இலவசம் என்ற ஒரே பட்டியலில் தள்ளும் டெல்லிப் பேச்சுக்கும் சரியான பதில் சொல்ல முடியும்.

2021 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளலாம். தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. அ.தி.மு.க. 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு இலவச சிலிண்டர்களும் வாஷிங் மெஷினும் என்றது. மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ரேஷன் அட்டைகள் இருக்கின்றன. எல்லா அட்டைக்கும் கொடுத்தால் முதல் வாக்குறுதிக்கு ஆண்டுக்கு 26,400 கோடி ரூபாய். இரண்டாவதற்கு, பணத்தை மட்டும் கணக்கிட்டால், 39,600 கோடி. 2020-21-ல் தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாய் ஒரு லட்சம் கோடியைச் சற்றே தாண்டியது. ஒன்று அதில் நான்கில் ஒரு பங்கு, மற்றொன்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட ஒரு காகிதமும் பேனாவும் போதும். ஆனால் பிரசாரத்தில் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வருமான வரம்பு, நில அளவு, மின் பயன்பாடு என்று தகுதிகள் வந்தன. அப்போது பயனாளிகள் சுமார் 1.06 கோடிப் பேர். ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய். இது பயனுள்ள திட்டம் என்பது என் கருத்து. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது வாக்களிப்பதற்கு முன்பே பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்துதான். 2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம் வாக்குறுதிகளின் செலவை ஒரு படிவத்தில் காட்டும்படி யோசனை சொன்னது. பல கட்சிகள் எதிர்த்தன. தேர்தல் ஆணையம் செய்யக் கூடிய வேலையும் அல்ல அது, அதனிடம் அதற்கான நிபுணர்கள் இல்லை.

இந்தியாவில் இப்படியொரு அமைப்பு வேண்டும் என்ற யோசனைக்குப் பஞ்சமில்லை. விஜய் கேல்கரின் 13-ஆவது நிதிக்குழு சொன்னது. ஒய்.வி. ரெட்டியின் 14-ஆவது நிதிக்குழு, பட்ஜெட்டை முன்கூட்டியே மதிப்பிட நிதி கவுன்சில் வேண்டும் என்றது. ஒன்றிய அரசின் நிதிப் பொறுப்புச் சட்டமான எஃப்ஆர்பிஎம்மை ஆராய்ந்த என்.கே. சிங் குழு 2017-ல் சொன்னது. அவரே தலைமையேற்ற 15-ஆவது நிதிக்குழுவும் மீண்டும் சொன்னது. சிஏஜியும் நிதிக்குழுவும் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதுதான் பொதுவாக வரும் பதில். நிதிக்குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் கலைகிறது. சிஏஜி முடிந்த கணக்கைப் பார்க்கிறார். சென்னைப் பொருளியல் பள்ளியை உருவாக்கிய ராஜா செல்லையா 1976-ல் டெல்லியில் முதல் இயக்குநராக வளர்த்தெடுத்த என்ஐபிஎஃப்பி என்ற பொது நிதி ஆய்வு நிறுவனம் நல்ல ஆய்வுகளைத் தருகிறது என்றாலும், நிதியமைச்சகத்தின் உதவியில் நடக்கும் நிறுவனம் அமைச்சகத்தின் எண்களைப் பகிரங்கமாக மறுக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் மீதே சுமை ஏற்றுவது.

மாநிலங்களுக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். 2021-22 முதல், அரசு நிறுவனங்களின் பெயரில் மாநிலங்கள் வாங்கும் கடனை ஒன்றிய அரசு அவற்றின் கடன் வரம்பில் சேர்க்கிறது. கேரளம், மாநிலக் கடன் பற்றிய அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவைச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் அந்த வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இந்திய உணவுக் கழகத்தின் வழியாக அதே பழக்கத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்த ஒன்றிய அரசே மாநிலங்களின் கணக்குக்கு நடுவராகவும் இருக்கிறது. இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கும் மூன்றாம் தரப்பு வேண்டும் என்று கேட்க, மாநில உரிமை பேசும் கட்சிகளுக்கே முதல் காரணம் இருக்கிறது.

தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2003-ல் இயற்றிய நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம், அதைத் திருத்த சட்டமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. 2021-ல் ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோ, ஜான் ட்ரேஸ் உள்ளிட்டவர்களைக் கொண்டு அமைத்த ஆலோசனைக் குழு முதலமைச்சருக்கு யோசனை சொல்லவே வந்தது. தேவைப்படுவது சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அலுவலகம். தலைவரை முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், சபாநாயகர் மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். பதவிக்காலம் ஆட்சிக்காலத்தோடு ஒத்துப்போகாமல் ஆறேழு ஆண்டுகளாக இருக்கலாம். செலவைத் தொகுப்பு நிதியிலிருந்தே நேரடியாக எடுத்தால் எந்த அமைச்சரும் நிறுத்த முடியாது. பட்ஜெட் நாளிலேயே அதன் மதிப்பீடு தமிழில் வெளிவர வேண்டும். போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும் அதன் வரம்புக்குள் வர வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் சுமையில் கணிசமான பங்கு அங்கேதான். தரவுக்கு அலைய வேண்டியதில்லை. கருவூலங்களில் ஒவ்வொரு பட்டியலும் இன்று ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்ற நிதி, மனிதவள மேலாண்மை மென்பொருள் வழியாகவே பணமாகிறது. எந்தத் தலைப்பில், எந்த மாவட்டத்தில், எந்த நாளில் எவ்வளவு செலவானது என்பது அந்த அமைப்புக்குள் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்க்கும் உரிமையைச் சட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் அலுவலகம் அடுத்த நிதியாண்டிலேயே வேலையைத் தொடங்கலாம்.